கடை வெப்சைட்டும் இடம் மாறிய கொம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக்காரரும் காசிமேட்டில் வலை, கயிறு விற்பவரும் வெப்சைட் கேட்கும் காலம் இது. என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எதில் செய்வது என்பதைச் செய்துகொடுப்பவரே முடிவு செய்துவிடுகிறார். தனக்குப் பழகியதையோ, அடுத்த வேலைக்கு பயோடேட்டாவில் எழுத ஆசைப்படுவதையோ கடையின் தலையில் கட்டுகிறார். பல நேரம் அது ரியாக்ட், அதாவது பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பக்கத்தைக் கட்டும் லைப்ரரி (தயார்நிலைக் கோட் தொகுப்பு).

ரியாக்ட் மோசமில்லை, இடம்தான் பொருந்தவில்லை. வெறும் ரியாக்டில் செய்த தளத்தைத் திறந்தால் சர்வரிலிருந்து முதலில் வருவது கிட்டத்தட்ட வெற்றுத்தாள். ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி ஓடிய பிறகுதான் சேலையும் விலையும் தெரியும். ரேம் குறைந்த பழைய போனில் அதுவரை வெள்ளைத் திரைதான். அதைவிட வில்லங்கம் வாட்ஸ்அப். லிங்க்கோடு வரும் சின்னப் படத்தையும் தலைப்பையும் வாட்ஸ்அப் அந்தப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லிலிருந்து, அதாவது சர்வர் முதலில் அனுப்பும் மூல எழுத்திலிருந்து, எடுக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. அதனால் எந்தச் சேலையின் லிங்க்கை அனுப்பினாலும் கடை லோகோதான் வரும், அல்லது ஒன்றுமே வராது. ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் சர்வரிலேயே பக்கத்தை உருவாக்கினால் இது தீரும். ஆனால் அதற்கு, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் எந்நேரமும் ஓட வேண்டும். பிஹெச்பி என்ற சர்வர் மொழிக்கென்று விற்கும் மலிவு ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பங்கிடும் சர்வர் இடம்) பலவற்றில் அது ஓடாது. விபிஎஸ் (தனி மெய்நிகர் சர்வர்) எடுத்தால் அதைப் பராமரிக்க ஆள் தேட வேண்டும்.

பத்துப் பக்கம், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றம் என்றால் ஃபிரேம்வொர்க்கே (தயார்நிலைச் சட்டகம்) வேண்டாம். ஹெச்டிஎம்எல்லும் தோற்றத்துக்கு சிஎஸ்எஸ்ஸும் போதும். வாரா வாரம் விலை மாறும், கடைப் பையனே மாற்ற வேண்டும் என்றால் பிஹெச்பியில் ஓடும் வேர்ட்பிரஸ், அதில் கடை வசதி சேர்க்கும் வூகாமர்ஸ். பிஹெச்பி என்றதும் மூக்கைச் சுளிப்பவர்கள், செய்தவர் கைவிட்டாலும் பெரம்பூரிலோ ராயபுரத்திலோ இன்னொரு கை கிடைக்கும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் பிளகின் மட்டும் ஐந்தாறைத் தாண்ட வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய ‘தீம்’ (தளத்தின் தோற்ற வடிவம்) ஒன்றை ஓசியில் இறக்கிப் போட்டால், வெளியாள் ரகசியமாக நுழையும் பின்வாசலும் சேர்ந்தே வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். கிளை, ஸ்டாக், பற்றுவரவு என்று வேலை கூடினால் பிஹெச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் அல்லது பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ.

எதுவானாலும் ஆதரவு (திருத்தங்கள் வெளிவருவது) எந்தத் தேதி வரை என்று கேட்டுவிட வேண்டும். ரியாக்ட் மாதிரியே பக்கம் கட்டும் ஆங்குலர் ஜேஎஸ்ஸுக்கு 2021 டிசம்பரோடு ஆதரவு முடிந்தது. 2016-ல் வந்த ஆங்குலர் 2 பெயரளவில்தான் வாரிசு. பழைய கோட் அதில் அப்படியே ஓடாது. அதே வகையான வியூ 2-க்கு 2023 டிசம்பர் 31 கடைசி நாள். ஜாங்கோவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புக்கு மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வரும்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு தமிழ் சறுக்கும் இடம் பில். பிஹெச்பிக்காரர்கள் சட்டென்று கையிலெடுப்பது பிடிஎஃப் உருவாக்கும் டாம்பிடிஎஃப் லைப்ரரி. திரையில் ‘சேலை’ ஒழுங்காக இருக்கும். பிடிஎஃப்பில் சகரத்துக்கு முன் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். லகரத்துக்கும் அதே கதி. ஃபான்டை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை, கோளாறு அங்கே இல்லை. யூனிகோடில் முதலில் ச, அடுத்து கொம்பு என்றுதான் சேமிப்பார்கள். காட்டும்போது இடம் மாற்றி அடுக்கும் வேலையை அந்த லைப்ரரி செய்வதில்லை. இன்னொரு பிடிஎஃப் லைப்ரரியான எம்பிடிஎஃப்பில் தமிழ் ஃபான்டுக்கு ஓடிஎல் வசதியை (எழுத்தை இடம் மாற்றி அடுக்குவது) இயக்கினால் சரியாகும். குரோமை ஹெட்லெஸ் முறையில் (திரை காட்டாமல்) ஓட்டி பிடிஎஃப் எடுத்தாலும் சரிதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ‘சேலை’, ‘கொசுவலை’ இரண்டையும் போட்டு ஒரு பில் காட்டச் சொல்லலாம். டேட்டாபேஸ் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4-ல் இருக்கட்டும். மேற்கத்திய எழுத்துகளுக்கான லத்தீன்1 டேபிளில் தமிழ் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்டால் மீட்க வழியில்லை.

கடைசித் தவணையைக் கொடுக்கும்போது டொமைன் கடைக்காரர் இமெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். சோர்ஸ் கோடோடு, எந்த லைப்ரரியில் எந்த வெர்ஷன் என்று குறித்துவைக்கும் பேக்கேஜ்-லாக் அல்லது கம்போஸர் லாக் ஃபைல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாமல் ஆறு மாதம் கழித்து இன்ஸ்டால் செய்தால் வேறு வெர்ஷன்கள் இறங்கி, நேற்றுவரை ஓடியது பில்டு ஆகாமல் நிற்கலாம். பேக்கப் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது; வேறொரு ஹோஸ்டிங்கில் ஏற்றித் திறந்து காட்டட்டும்.

இப்படிக்கு,
வெப் டெவலப்பர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.