மாடிக் கணக்கை அப்புறம் பார்ப்போம்

சிறுநகரங்களைக் காக்கத் திரண்டிருக்கும் குடிமக்கள் குழுக்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போன்ற ஒரு குழுவில் சில வருடங்கள் இருந்தவன்தான். அதனால் இதை வெளியாள் சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்று வருகிறது, கூடவே அதன் முன்னால் இருக்கும் சாலையையும் அகலப்படுத்துகிறார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் மாடிக் கணக்கையே பேசினோம். ஆறு கூடாது, நாலு போதும். முகப்பு ஊரோடு ஒட்டவில்லை. பக்கத்து வீடுகளில் நிழல் விழும். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. திட்ட அறிக்கையில் சாலைக்கு வரும்போது மணி ஒன்பது. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், அந்தப் பக்கத்தை யாரும் புரட்டக்கூட இல்லை. கடைசியில் ஒரு மாடி குறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தோம். சாலை மட்டும் வரைபடத்தில் இருந்தபடியே வந்து சேர்ந்தது. அந்த ஐந்து மாடியால் இன்று யாருக்கும் தொந்தரவு இல்லை. எதிர்ச்சாரி வீட்டுக்காரரோடு நின்று பேசத்தான் யாராலும் முடிவதில்லை.

இது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 1960களின் கடைசியில் டொனால்ட் ஆப்பிள்யார்டு, மார்க் லின்டெல் என்ற இரண்டு நகரமைப்பு ஆய்வாளர்கள் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார்கள். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரியான தெருக்கள். ஒன்றில் ஒரு நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். நெரிசலான தெருவில் 0.9, அதாவது முழுசாக ஒருவர்கூட இல்லை. ‘உங்கள் வீடு என்று நினைப்பது எதுவரை?’ என்று கேட்டபோது, முதல் தெருக்காரர்கள் தெருவையே தங்கள் இடமாகக் காட்டினார்கள். மூன்றாவது தெருக்காரர்கள் தங்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். (ஆப்பிள்யார்டு 1982இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார். இதை எழுதும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது.)

நாம் ‘ஊரின் குணம்’ என்று மனுக்களில் எழுதுவது கூரை ஓடும் சுவர்ச் சுண்ணாம்பும் அல்ல, அந்த 3க்கும் 0.9க்கும் நடுவில் இருப்பதுதான். அதை அளக்கவும் முடியும். உதாரணத்துக்குச் சாலையைக் கடப்பதையே எடுத்துக்கொள்வோம். பல நாடுகளில் நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் சிக்னல் நேரம் போடுகிறார்கள். 2012இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று 65 வயதைத் தாண்டியவர்கள் அவ்வளவு வேகம் நடப்பதில்லை என்றது. ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. சரி, கணக்குப் போடுங்கள். 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. அந்த 10 நொடியில் ஒரு பாட்டி 8 மீட்டர்தான் வந்திருப்பார். சாலையை 24 மீட்டராக்கி நேரத்தை 20 நொடியாகக் கூட்டினாலும், விளக்கு மாறும்போது அவருக்கு இன்னும் 8 மீட்டர் பாக்கி. இரண்டு தடவை அப்படி மாட்டிக்கொண்டவர் மூன்றாவது தடவை வெளியே வரமாட்டார். அவர் வராமல் போனது எந்தப் போக்குவரத்துக் கணக்கெடுப்பிலும் ஏறாது.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். கூட்டத்துக்கு வருவது யார்? பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸில் 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளைப் படித்தார்கள். எழுந்து பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீட்டுக்காரர்கள் ஆகியோரின் பங்கு ஊரில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். பேசியதில் பெரும்பகுதி புது வீடுகளுக்கு எதிர்ப்பு. எங்கள் குழுவை நான் அதில் அப்படியே பார்த்தேன். வாடகைக்கு இருப்பவரும், ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவரும், கைக்குழந்தைக்காரியும் அந்த அறையில் இல்லை. ஊருக்குள் வீடே கூடாது என்று நாம் தடுத்தால் வீடு வராமல் இருக்காது, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாகப் போய் நிற்கும். அங்கிருந்து எல்லாரும் வண்டியில்தான் உள்ளே வருவார்கள். அப்புறம் சாலையை அகலப்படுத்து என்பார்கள். அதற்கு எதிராகவும் ஒரு மனு போடுவோம்.

‘வேண்டாம்’ என்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஏரியை மூடுகிறார்கள், மரத்தை வெட்டுகிறார்கள் என்றால் குறுக்கே நிற்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு, எது வேண்டும் என்ற ஒரு தாளும் கையில் இருக்கட்டும். ஸ்பெயினில் பொன்டெவேத்ரா நகரம் 1999 முதல் தன் மையப்பகுதியிலிருந்து கார்களைப் படிப்படியாக ஒதுக்கி வந்தது. அங்கே ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள், மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே. கோடுகளில் இருப்பது ரயில் அல்ல, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது. இதைச் செய்ய நிதி ஒதுக்கீடு வேண்டாம், நாலு பேரும் ஒரு கடிகாரமும் போதும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சாயங்காலம், பள்ளி விடும் நேரமாகப் பார்த்து, குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு ஊரைச் சுற்றி வாருங்கள். அவர் எங்கே நின்றார், எங்கே உட்கார இடம் தேடினார், எங்கே கடக்காமல் திரும்பினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்காரர் இரண்டு பேரையாவது கூட அழைத்துப் போங்கள்; அவர்களுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று முதலில் கேளுங்கள். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, சாலைப் பக்கத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். எட்டரைக்கு மேல் நேரம் மிச்சமிருந்தால் மாடியைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
ஒரு பழைய உறுப்பினன்