ஹாமண்ட்ஸ்வொர்த்துக்கும் ஒரு பஸ் பிடியுங்கள்

மேற்கு லண்டனில் தமிழ்ப் பள்ளி நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கு,

வணக்கம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி எங்காவது கூட்டிப்போகிறீர்கள். வின்ட்சர் கோட்டை, கடற்கரை, ஒருமுறை ஸ்டோன்ஹெஞ்ச். புளிச்சாதப் பொட்டலங்களைக் காவிக்கொண்டு நானும் இரண்டு தடவை வந்திருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹேஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஹாமண்ட்ஸ்வொர்த்துக்கு ஒருநாளும் போனதில்லை. இந்த வருடம் அங்கே போங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்கள் பலருக்கு முகம் மாறும். குடிவரவுத் தடுப்பு முகாமின் பெயராகத்தான் நாங்கள் அதை முதலில் அறிந்தோம். நானும் 1990-களின் கடைசியில், உள்ளே இருந்த ஒரு சொந்தக்காரரைப் பார்க்க 81-ஆம் இலக்க பஸ்ஸில் போனவன்தான். பார்வையாளர் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டேன். நின்றால் விறைத்துவிடும் போல் குளிர். சும்மா வடக்குப் பக்கமாக நடந்தேன். திடீரென்று ஒரு கிராமம்! செங்கல் கோபுரத்தோடு தேவாலயம், இரண்டு பழைய மதுக்கடைகள், அப்புறம் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பலகையால் அடைத்த நெடிய கட்டடம் ஒன்று. எங்கள் ஊர்ப் புகையிலைக் கொட்டிலைப் பத்து மடங்கு பெருப்பித்த மாதிரி இருந்தது. கதவு பூட்டியிருந்தது.

அது களஞ்சியம் என்பதும், 1426-இல் கட்டியது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. கட்டியது ஒரு பள்ளிக்கூடம், வின்செஸ்டர் கல்லூரி. 1391-இலிருந்து இந்த ஊர் அதற்குச் சொந்தமாக இருந்தது. கோயிலுக்குக் காணி எழுதிவைத்து அதன் விளைச்சலில் பூசை நடப்பது போல, இங்கே விளைந்த தானியத்தில் அங்கே படிப்பு நடந்தது. நீளம் 58 மீட்டர். பல காலம் தனியார் கையில் கிடந்து பாழாகி, 2011-இல் 20,000 பவுணுக்கு, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வாங்கியது. லண்டனில் அந்தக் காசுக்குக் கார் நிறுத்த இடம்கூடக் கிடைக்காது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனேன். கல்லின்மேல் நிறுத்திய ஓக் தூண்கள். அநேகமான மரம் அன்று வைத்ததே. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது.

தேவாலய முற்றத்தில் ரிச்சர்ட் கொக்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. சாராயம் வடித்து ஓய்வு பெற்றவர் இல்லை, பியர் வடித்து ஓய்வு பெற்றவர். இரண்டும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்கு நீங்களே விளக்குங்கள். பக்கத்து ஊரான கோல்ன்புரூக்கில் தோட்டம் போட்டு, விதையிலிருந்து ஒரு ஆப்பிள் மரம் வளர்த்தார். அதுதான் கொக்ஸ் ஆப்பிள். கடையில் வாங்கித் தின்னும் பழத்துக்குப் பெயர் கொடுத்த மனிதர் இங்கே படுத்திருக்கிறார் என்றால் எட்டு வயதுப் பிள்ளைகூட ஒரு நிமிடம் நிற்கும்.

ஆனால் நான் காட்டச் சொல்வது இவற்றை மட்டுமல்ல. இல்லாமல் போன ஒரு ஊரையும் காட்டுங்கள்.

ஹீத்ரோ ஒரு ஊரின் பெயர். இன்றைய விமான நிலைய வேலிக்குள், ஒரு தெருவை ஒட்டி வீடுகளும் பண்ணைகளும் பழத்தோட்டங்களும் இருந்தன. நல்ல மண். 22 வருடம் அந்த விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் இரவு வேலை செய்தேன். கால் வைத்ததெல்லாம் தார். எங்கள் தெருவில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் அடியில் என்ன இருக்கிறதென்று சொன்னார். தகப்பன் அங்கே மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தவராம். அவரின் பாட்டன் காலத்தில் இரவிரவாக வண்டி கட்டி கொவன்ட் கார்டன் சந்தைக்குப் போவார்களாம். திரும்பும்போது லண்டன் குதிரைகளின் சாணத்தை எருவுக்கு ஏற்றி வருவார்களாம். 1944-இல் கிழவருக்கு எட்டு வயது. போருக்கு விமானத்தளம் வேண்டும் என்று அரசு ஊரை எடுத்தது. சாமான் கட்டியதைவிட, தாய் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வெளியே வந்ததுதான் அவருக்கு நினைவு. இடிக்கப்போகிற வீட்டை.

போர்த் தேவை என்றது சாட்டு. அந்த நாளில் விமானத்துறையில் இளைய அமைச்சராக இருந்த ஹரோல்ட் பால்ஃபோர் 1973-இல் தன் நினைவுக் குறிப்பில் அதை ஒப்புக்கொண்டார்: போருக்குப் பிறகான பயணிகள் விமான நிலையத்துக்காகத்தான் எடுத்தார்கள். 1946-இல் பயணிகள் விமானங்கள் வந்துவிட்டன. 1987 பெப்ரவரியில், அகதியாக வந்து, திருப்பியனுப்ப இருந்த எங்கள் ஆட்கள் 58 பேர் உடுப்பைக் களைந்து போராடியதும் அந்த மண்ணில்தான்.

நான் யாழ்ப்பாணத்து வசாவிளானில் பிறந்தவன். பக்கத்துப் பலாலி ஓடுபாதையையும் அதே உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைதான் போட்டது. 1990-இல் அதைச் சுற்றி இராணுவ வேலி பெருத்தபோது எங்கள் வளவும் உள்ளே போனது. கிழவர் கதைத்தபோது நான் இடையில் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் மட்டும் திரும்ப ஊற்றிக் கொடுத்தேன். அவர் இப்போது இல்லை. ஒரு வார்த்தையும் பதிந்து வைக்கவில்லை. கையில் ஃபோன் இருந்தது.

இப்போது ஹீத்ரோவுக்கு மூன்றாம் ஓடுபாதை. 2018 ஜூனில் நாடாளுமன்றம் 415-க்கு 119 என்று சம்மதித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் அரசு மறுபடி ஆதரவு சொன்னது. 2018 திட்டப்படி 700-க்கும் மேற்பட்ட வீடுகள் போகும். லோங்ஃபோர்ட் முழுதாக, ஹாமண்ட்ஸ்வொர்த்தில் பெரும்பகுதி. களஞ்சியம் தப்பும், வேலி அதன் வாசலுக்கு வரும். வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல நான் ஆளில்லை. அந்த விமான நிலையச் சோற்றில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவன். வீட்டுக்காரருக்குச் சந்தை விலைக்கு மேல் தருவதாகச் சொல்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களோ, நம்மவர்களும் பஞ்சாபியரும் போலந்துக்காரரும், ஒரு பெட்டியோடு போய்விடுவார்கள். அவர்கள் அங்கே இருந்ததற்கு அடையாளம் இராது.

அதனால் கேட்கிறேன்: மேல்வகுப்புப் பிள்ளைகளை ஃபோனோடு கூட்டிவாருங்கள். அந்த ஊரில் இருப்பவர்களிடம், வயதானவர்களிடம் முதலில், பத்துப் பத்து நிமிடம் கேட்டுப் பதியட்டும். எந்த மரத்தில் என்ன பழம், கடை எங்கே இருந்தது, விமானச் சத்தத்தில் எப்படித் தூங்கினீர்கள். ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் எழுதட்டும். 'என் பொழுதுபோக்கு' என்ற கட்டுரையை எத்தனை வருடம்தான் எழுதுவது?

களஞ்சியம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மாதத்தில் இரண்டு ஞாயிறு திறக்கிறது. நுழைவு இலவசம். வரும் வழியில் விமான நிலையத்தின் வடக்கு வீதியோரம் நட்டுவைத்த பழைய பீரங்கி ஒன்றையும் காட்டலாம்; 1784-இல் ஜெனரல் வில்லியம் ரோய் தன் நில அளவைக்கு இழுத்த முதல் கோடு அங்கிருந்து ஹாம்ப்டன் வரை போனது. மரக்கோல் ஈரத்தில் நீண்டு சுருங்குகிறதென்று கண்ணாடிக் குழாய் வைத்து அளந்தாராம். கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும்.

திகதியைச் சொல்லுங்கள். புளிச்சாதம் நான் கட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஹேஸிலிருந்து, உங்கள் பழைய பஸ் தோழன்