இன்னொரு ரியூசனால் தீராத சிக்கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகள் போடுகின்றன. போடட்டும், நல்லது. அதே தரம் 5இல் ஒரு பந்தியைக்கூடத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

நான் திருகோணமலையில் ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்றவள். இப்படிப்பட்ட பிள்ளை வாய் ஓயாமல் கதைக்கும். கேட்ட கதையை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்லும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறும். கவனமில்லை என்பார்கள், மொக்கு என்பார்கள். பிறகு ரியூசன், அதுவும் சரிவராவிட்டால் இன்னொரு ரியூசன். அங்கேயும் வகுப்பில் நடந்த அதே பாடம், அதே வேகம்.

கல்விசார் சிகிச்சை இதிலிருந்து முற்றிலும் வேறு. முதலில் கண்ணும் காதும் சரிதானா என்று பார்ப்பார்கள். அப்புறம் வாசிப்பு எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று தேடுவார்கள்: ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலா, எழுத்தை நினைவில் வைப்பதிலா, கவனம் நிலைக்காததிலா? பிள்ளை எந்தத் தரத்தில் இருந்தாலும் சரி, பாடம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், சிறிது நேரம், ஆனால் விடாமல். புத்தகத்தைக் கண்டதும் வரும் பயத்தைப் போக்குவதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

நம் எழுத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. 'கெ', 'கே' இரண்டிலும் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும். 'கௌ' எழுத்தின் கடைசித் துண்டு 'ள' மாதிரியே இருக்கும். பல பிள்ளைகள் இதையெல்லாம் போகிற போக்கில் பிடித்துக்கொள்வார்கள். டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறையில்லாமலே எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம், உள்ள பிள்ளைக்கு 'படம்', 'மரம்', 'கடல்' போன்ற காலும் கொம்பும் இல்லாத சொற்களில் தொடங்கவேண்டும். தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதவைத்து, எழுதும்போதே ஒலியைச் சொல்லவைத்து, ஒரு குறி நன்றாகப் பிடிபட்ட பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும். (மணலுக்கா எங்கள் உப்புவெளிக் கடற்கரையில் பஞ்சம்!) கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பழக்கும் இந்த வழியை 1930களிலேயே அமெரிக்காவில் ஓர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் ஆங்கிலத்துக்காக வகுத்தார்கள். வழி நமக்கும் பொருந்தும், அவர்களுடைய பயிற்சித்தாள் பொருந்தாது. அதைத் தமிழுக்கென்று நாமேதான் செய்யவேண்டும்.

டிஸ்லெக்சியாவை அடியோடு குணப்படுத்துவதாக யாரும் விளம்பரம் செய்தால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். பிள்ளை வாசிக்கப் பழகும், ஆனால் வேகம் குறைவாகவே இருக்கலாம். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் வழங்குகிறது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இது பல பெற்றோருக்குத் தெரியாது.

சரி, இந்தச் சிகிச்சைக்கு எங்கே போவது? சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. ஆனால், நன்றாகக் கதைத்து ஓடி விளையாடும் பிள்ளையை அங்கே அனுப்பவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கொழும்புக்குப் போகலாம் என்றால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஒருநாள் போய்ச் சோதித்து அறிக்கை வாங்கி வரலாம். மாதக்கணக்கில் தொடரவேண்டிய பயிற்சிக்கு வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு மீனவக் குடும்பம் எப்படிப் போய்வரும்?

எங்கள் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. வலயத்துக்கு ஒருவரையாவது இதற்கென்று பயிற்றுவித்து, வகுப்புப் பொறுப்பிலிருந்து விடுவித்து, ஓர் அறை கொடுக்கலாம். கந்தளாய்ப் பக்கம் சிங்களத்திலும் தேவைப்படும். தமிழ்ப் பயிற்சித்தாள்களுக்குக் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தின் மொழித்துறை கைகொடுக்கலாம். பிள்ளைகளைத் தரம் 2இலேயே கண்டுபிடிக்க வேண்டும். தரம் 5வரை பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே வெறுத்துவிடும்.

இதற்கு மாகாணக் கல்வித் திணைக்களம் என்ன சொல்கிறது என்று உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு எழுதினால் நல்லது. அலுவலகம் திருகோணமலையில்தான் இருக்கிறது, அதிகம் அலையவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.