அந்த லுங்கியைத் துவைக்காமல் வைத்த தம்பிக்கு

வேளச்சேரியில் எங்கள் தெருத் தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆகிறது. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு அப்படியே நிற்கிறது. மிக்ஜாம் புயல் மழை கொட்டிய 2023 டிசம்பர் 4-ஆம் தேதியைப் பற்றி நான் என்ன சொல்ல? நீங்களும் அதே இருட்டில்தான் இருந்தீர்கள். பின்னங்கால் தையல் பிரித்து, நேற்றுச் சாயங்காலம் எங்கள் தெருநாய் கொக்கி தெருவுக்கு வந்துவிட்டது. வால் கொக்கி மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர்.

படகு கொண்டுவந்த மீனவத் தம்பிகள், தெர்மாகோல் பலகையில் கொக்கியைக் கிடத்தி மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போன மூன்றாவது வீட்டுப் பையன்கள், அங்கிருந்து ஏற்றிப்போன புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பின் ஆம்புலன்ஸ்காரர், தையல் போட்ட டாக்டரம்மா, இன்றுவரை சேறு அள்ளிக்கொண்டிருக்கும் மாநகராட்சித் தொழிலாளர்கள், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதத்தான் ஆசை. கை ஓடவில்லை.

ஒருவருக்கு மட்டும் தனியாக எழுதியே ஆக வேண்டும். பெயர் கேட்க மறந்துவிட்டேன். புளூ கிராஸின் கிண்டி காப்பகத்தில் கூண்டு கழுவும் தம்பி.

கொக்கி மூன்று நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. மருந்துகூட உள்ளே போகவில்லை. "இது யார்கிட்டம்மா படுக்கும்?" என்று கேட்டார். எங்கள் ஃபிளாட் வாட்ச்மேன் பெரியவரின் கட்டிலுக்கடியில் என்றேன். அவரோ மழைக்கு முன்பே ஊருக்குப் போனவர், திரும்ப வர பஸ் இல்லை. "அவர் துணி ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. துவைச்சிடாதீங்க."

பெரியவர் அறையில் எல்லாம் ஊறிப்போயிருந்தது. ஆணியில் மேலே தொங்கிய ஒரு லுங்கி மட்டும் தப்பியிருந்தது. ஒரே பீடி நாற்றம். கூச்சத்தோடு பையில் சுருட்டிக்கொண்டு போனேன். கொக்கி அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அன்று ராத்திரி பாதித் தட்டு காலியானதாம்.

அங்கே தினமும் காலையில் பினாயில் ஊற்றிக் கழுவுவார்கள். விரிப்பெல்லாம் துவைக்கப் போய்விடும். இந்தத் தம்பி மட்டும் அந்த அழுக்கு லுங்கியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தரையைக் கழுவி, காயவிட்டு, மறுபடி விரித்ததை என் கண்ணால் பார்த்தேன். "அலசினா வாசனை போயிடும்மா. அப்புறம் மறுபடி சாப்பாட்ட நிறுத்திடும்." உங்கள் வீட்டுப் பக்கம் எப்படி என்று கேட்டேன். "எங்க வீட்லயும் தண்ணி தாம்மா" என்றவர் அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், கொக்கியைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி எங்கள் அசோசியேஷன் எழுதிய மனுவில் என் கையெழுத்தும் உண்டு. தெருநாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் சட்டம் என்றார்கள். அப்படியே செய்தார்கள், கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டோடு கொக்கி திரும்பி வந்தது. நாங்கள் சட்டத்தைத் திட்டினோம். புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கி, சென்னை மாநகராட்சி 1996-இல் எடுத்துக்கொண்ட முறையாம் அது. அப்போது யார் இதையெல்லாம் கேட்டோம்? அந்த ஏற்பாட்டினால்தான் நேற்றும் வண்டி இதே தெருமுனையில் வந்து நின்றது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர் அங்கே காத்திருந்தோம்.

1959-இல் கேப்டன் சுந்தரம் என்ற விமானி, மழைத் தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்ததில்தான் புளூ கிராஸ் தொடங்கியதாம். இருபது வருஷமாக அந்தக் கேட்டைத் தாண்டி பஸ்ஸில் போகிறேன். உள்ளே எட்டிப் பார்க்க எனக்கு ஒரு புயல் வேண்டியிருந்தது. இனி மாதம் ஒரு சனிக்கிழமை, பழைய பேப்பர், பெட்ஷீட் எல்லாம் எங்கள் தெருவில் நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். தெருக்காரர்களே, கதவைத் தட்டினால் திறங்கள்.

தம்பி, பெரியவர் நேற்று ராத்திரி தன் லுங்கியைத் திரும்பக் கேட்டார். கொக்கி தரவில்லை. இன்று காலை அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.