இட்லி சைக்கிளுக்கு எதற்கு அனுமதிச் சீட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பை மாநகராட்சி வண்டி வந்து தெருக்கடைகளை அள்ளிச் சென்ற செய்தி வரும்போதெல்லாம், எந்தத் தலைவர் ஓடிவந்து அதிகாரியிடம் பேசினார் என்பதுதான் பெரிதாக அச்சாகிறது. அள்ளிய பொருளுக்குப் பட்டியல் கொடுத்தார்களா, எந்தப் பிரிவின் கீழ் எடுத்தார்கள் என்பது வருவதில்லை. தாராவியிலிருந்து விடியுமுன் இட்லிக் குண்டானும் சட்னி வாளியுமாக சைக்கிளில் கிளம்புகிற நம் ஆட்களுக்குத் தேவை அந்த விவரம்தான்.

தெருவில் விற்பது தலைவர்கள் போடும் பிச்சை அல்ல. 1989இல் சோதன் சிங் வழக்கில், அது அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வருகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இந்த மூலையில்தான் நிற்பேன் என்று ஓர் இடத்தைச் சொந்தம் கொண்டாட முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

பிறகு வந்ததுதான் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். நகர மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 1,24,42,373 பேர். அப்படியானால் உச்சவரம்பு 3,11,059. ஆனால் 2014இல் எடுத்த தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பின் அடிப்படையில், வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இடம்பெறும் நகர விற்பனைக் குழுவுக்கான தேர்தலுக்குத் தகுதியானவர்கள் என்று பட்டியலில் வந்தவர்கள் சுமார் 32 ஆயிரம் பேர். சட்டம் அனுமதிக்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மற்றவர்கள் தெருவை விட்டுப் போய்விடவில்லை. சட்டத்துக்கு வெளியே நின்று விற்கிறார்கள். அவர்களை அங்கே நிறுத்தியது காகிதம் தராத நிர்வாகம்.

ஹப்தா என்கிற மாமூல் பிறப்பது இங்கேதான். இந்தச் சட்டப்படியான விற்பனைச் சான்றிதழ் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தால், கண்டுகொள்ளாமல் விடுவதற்கு யாரும் விலை கேட்க முடியாது. தட்டுப்பாடு இருக்கும்வரை அதிகாரியின் தயவு விலைபோகும். அதை வாங்கித் தரும் அரசியல்வாதிக்கும் மவுசு இருக்கும். நேர்மையான அதிகாரியைப் போட்டால் சரியாகும் என்பதை நான் நம்பவில்லை. ஆள் மாறுவார், தட்டுப்பாடு மாறாது. வியாபாரிகள் சங்க அட்டை வாங்கி வைத்திருக்கிறேன், கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அட்டைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

கையில் இருக்கிற சட்டத்தையாவது பயன்படுத்த வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் தரும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்பது பிரிவு 3(3). சான்றிதழ் வைத்திருப்பவரை அப்புறப்படுத்த 30 நாள் நோட்டீஸ் வேண்டும் என்பது பிரிவு 18. பொருளை எடுத்தால், எடுத்தவர் கையெழுத்திட்ட பட்டியலின் நகல் வியாபாரிக்குத் தரப்பட வேண்டும் என்பது பிரிவு 19. தவறு பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் நடக்கிறது. ‘ஒரு சைக்கிள், சில பாத்திரங்கள்’ என்று எழுதினால், குண்டான் மூடியும் இட்லித் தட்டுகளும் கிடங்கில் காணாமல் போனபின் கேட்க வழியில்லை. தட்டு எத்தனை, குண்டான் எத்தனை, அடுப்பு உண்டா, சிலிண்டர் எத்தனை கிலோ என்று எண்ணி எழுதச் சொல்ல வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. பட்டியல் தர மறுத்தால் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பொருள்களை நீங்களே வரிசையாக எழுதி, அவற்றைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கைக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்தை அன்றே வார்டு அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்க வேண்டும். தாராவிக்கு ஜி வடக்கு வார்டு, கிழக்கு மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் எஃப் வடக்கு வார்டு. கெடாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற கெடு, கோரிக்கை வைத்த நாளிலிருந்துதான் ஓடும், பறித்த நாளிலிருந்து அல்ல. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வாரக்கணக்கில் அலைபவர்கள் கோட்டைவிடுவது இங்கே. கெடும் பொருளை அன்றே தர வேண்டும் என்கிறது சட்டம். காலையில் எடுத்த தேங்காய்ச் சட்னி மாலையில் திரும்பி வந்து என்ன பயன்? சட்டம் எழுதியவர்கள் சமைத்த உணவைப் பற்றி யோசிக்கவே இல்லை. பொருளை மீட்கக் கட்டணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் போன பணம் ஹப்தாதான்.

வார்டு எத்தனை பொருள்களை எடுத்தது, எத்தனையைத் திருப்பித் தந்தது என்று அறிய, தகவல் உரிமை மனு பத்து ரூபாயில் முடியும். 30 நாளில் பதில் வர வேண்டும். மகாராஷ்டிர விதிப்படி மனு 150 சொல்லுக்குள், ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். பறிமுதலையும் சான்றிதழையும் ஒரே மனுவில் கலந்து கேட்டால் அதையே காரணம் காட்டி ஒதுக்கிவிடலாம்.

பாதசாரியின் உரிமை என்ன ஆவது என்று வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் நடந்த நெரிசல் சாவுகளுக்குப் பின், 2017 நவம்பரில் ரயில் நிலையத்திலிருந்து 150 மீட்டருக்குள் விற்பனை கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. நடைமேம்பாலத்தில் யாரும் விற்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நான் கேட்பது, எல்லோருக்கும் தெரிந்த ஒரே அளவுகோல். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் நடக்க 1.8 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும். கடை போட்டபின் அந்த 1.8 மீட்டர் மிஞ்சுகிறதா? தடை எல்லைக்கு வெளியே இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் முதலில் வந்தவர் விற்கட்டும். அளவு நாடா போதும், அனுமதி எதற்கு? துப்புரவுக் கட்டணத்தைப் பலகையில் எழுதிப்போட்டு ரசீதோடு வாங்கட்டும்.

இட்லி சைக்கிள் விஷயத்தில் அளவு நாடாகூடத் தேவையில்லை. சைக்கிள் ஓரிடத்தில் சற்று நேரம் நின்று, ஹார்ன் அடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. நடமாடும் வியாபாரி என்று சட்டமே தனி வகை வைத்திருக்கிறது. இடம் ஒதுக்கும் வேலையே இல்லாத இந்த வகைக்கு, விண்ணப்பித்த அன்றே பெயரைப் பதிந்து சான்றிதழ் தருவதில் தடை என்ன இருக்கிறது? உணவுச் சுத்தம்தான் கவலையென்றால், உணவுப் பாதுகாப்புப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது.

வார்டுவாரியாக எத்தனை நடமாடும் சான்றிதழ்கள் தரப்பட்டிருக்கின்றன என்று உங்கள் நிருபர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை