நடுவில் நிற்கிற சொற்கள்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகள்,

இங்கிலீஷில் நடக்கிற விரிவுரையில் பாதி விளங்குகிறது, பாதி நழுவிவிடுகிறது, அறைக்கு வந்து அகராதியை எடுத்தால் எந்தச் சொல்லைத் தேடுவதென்றே தெரியவில்லை என்று சொன்னாய். இதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. நான் தொடங்கும்போதே அப்பா போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்கத் தொடங்கிவிடுவார். இங்கிலீஷ் படிப்பித்தே தலை நரைத்தவள் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசி.

முதலில் அந்த 'தினமும் பத்துச் சொல்' வீடியோக்களை விடு. மேடையில் கைதட்டு வாங்கித் தருகிற சொற்கள் அவை. மண்ணியல் பாடத்தில் ஒன்றுகூட உன் எதிரில் வராது.

பாடச் சொற்கள்தான் உன்னைத் தடுக்கின்றன என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரணைமடுக் குளத்தின் துருசையும் அணைக்கட்டையும் வான் பாய்வதையும் பார்த்து வளர்ந்தவளுக்கு ஸ்லூஸும் பண்டும் ஸ்பில்வேயும் எத்தனை நாள் எடுக்கும்? அதோடு, பாடச் சொல் வந்தால் விரிவுரையாளரே நின்று விளக்குவார், படமும் கீறுவார். அசியூம், டிரைவ், கொன்சிஸ்ட், இண்டிகேட், எஸ்டிமேட் போன்றவற்றை எவரும் விளக்குவதில்லை. எல்லாப் பாடத்திலும் வருவதால் அவற்றை ஒரு பாடக்காரரும் தன்னுடையதாக எடுப்பதில்லை. ஏ.எல்.லைத் தமிழில் படித்துவிட்டுப் போன பிள்ளைக்கு அவை பழகியிருக்கவும் வழியில்லை.

அன்றாடச் சொல்லுக்கும் பாடச் சொல்லுக்கும் நடுவில் நிற்கிற இந்தச் சொற்களை நியூசிலாந்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். அதற்கு அடியில் இருப்பது மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல். வெஸ்ட் வங்காளத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாசிப்புப் பழக்குவதில் வேலை செய்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். கொக்ஸ்ஹெட் எடுத்துப் பார்த்த பல்கலைக்கழக நூல்களில் முக்கால் பங்கு சொற்கள் வெஸ்ட்டின் பட்டியலுக்குள் அடங்கிவிட்டன. அந்த 570 குடும்பங்கள் இன்னொரு பத்து வீதத்தைப் பிடித்தன. அந்தப் பத்து வீதத்தில்தான் நீ நிற்கிறாய். பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், அடிக்கடி வருகிற குடும்பங்கள் முதலில் வரும்படி அறுபது அறுபதாகப் பிரித்திருப்பார்கள். முதல் அறுபதோடு தொடங்கு, மிச்சத்தை இப்போதைக்குத் திறந்தும் பார்க்காதே.

குடும்பம் என்பதைக் கவனி. வேரி, அதாவது மாறுவது, என்ற ஒன்றைப் பிடித்தால் வேரியேஷன், வேரியபிள், வேரியன்ஸ் எல்லாம் பின்னால் வரும். புள்ளிவிபரவியல் வகுப்பில் உனக்கு அரைவாசிச் சுமை குறையும்.

சரி, மனதில் நிற்பதற்கு என்ன செய்வது? ஒரே இரவில் ஐம்பது தரம் எழுதுவது வேண்டாம். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885இலேயே எழுதிவைத்தார். படித்த உடனேதான் அதிகம் மறக்கும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கும். லைட்னர் என்ற இன்னொருவர் இதற்கு ஒரு பெட்டி வழி சொன்னார். பழைய கலண்டர் மட்டையை வெட்டி அட்டையாக்கு, சப்பாத்துப் பெட்டியில் மூன்று தட்டுப் பிரி. முதல் தட்டைத் தினமும் பார், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதைக் கிழமைக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தட்டுக்குப் போகும், பிழைத்தது முதல் தட்டுக்கே திரும்பும். போனில் இதற்குச் செயலிகள் உண்டு, ஆனால் போனைத் திறந்தால் நீ எங்கே போவாய் என்று எனக்குத் தெரியும்.

அட்டையில் தனிச் சொல்லை எழுதாதே. உன் நோட்ஸில் அது வந்த வசனத்தையே எழுது, சொல் வந்த இடத்தில் கோடு போடு, பின்பக்கம் விடை. இங்கிலீஷில் மழை என்றால் ஹெவி, காற்று என்றால் ஸ்ட்ரோங். மாற்றிச் சொன்னால் விளங்கும், ஆனால் காதில் இடறும். நாமும் வெயில் எறிக்கிறது என்கிறோம், வெயில் வீசுகிறது என்போமா? எந்தச் சொல் எதோடு சேரும் என்பது வசனத்தோடு படித்தால்தான் கைக்கு வரும்.

பேசுகிற விஷயம். உன் அறைத்தோழி மொனராகலைப் பிள்ளை என்றாய். அவளுக்குத் தமிழ் வராது, உனக்குச் சிங்களம் அரைகுறை. இதைவிட நல்ல இங்கிலீஷ் வகுப்பு எங்கே கிடைக்கும்? கம்பஸ் சிங்களப் பிள்ளைகள் இங்கிலீஷைக் 'கடுவ', அதாவது வாள், என்பார்கள். அவளும் உன்னைப் போலவே பயந்துதான் வந்திருப்பாள். இரவு ஒரு பத்து நிமிடம், அன்றைய விரிவுரையை அவள் உனக்குச் சொல்லட்டும், நீ அவளுக்குச் சொல்லு. இலக்கணம் பிழைத்தால் பிழைக்கட்டும்.

பழைய கேள்வித்தாள் கிடைத்தால் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடு. டிஸ்கஸ், கொம்பெயர், ஜஸ்டிஃபை என்று வருகிற இடங்களில் என்ன கேட்கிறார்கள், எவ்வளவு எழுதவேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன். காசை அப்பா திங்கட்கிழமை வங்கியில் போடுவார். சப்பாத்துப் பெட்டி இல்லையென்றால் சொல், தம்பியுடையது ஒன்று இங்கே கிடக்கிறது, மிளகாய்த்தூள் அனுப்பும்போது அதற்குள் வைத்தே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா