கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகத்தினருக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மதுரையில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அணுக்கருப் பிளவுப் பாடம் முடிந்ததும் மாணவர்கள் தவறாமல் கேட்பது, உலைக்குள் உண்டாகும் கதிரியக்கப் பொருள் எரிபொருள் கோலைவிட்டு (யுரேனிய வில்லைகள் அடுக்கிய உலோகக் குழாயைவிட்டு) வெளியே வருமா என்பதுதான்.

வரவே வராது என்று அவர்களிடம் சொல்ல முடியாது. யுரேனியம் டை ஆக்சைடு வில்லைகளில் பிளவினால் உண்டாகும் செனான், கிரிப்டான், அயோடின், சீசியம் ஆகியவற்றில் பெரும்பகுதி வில்லைக்குள்ளேயே தங்கிவிட, சிறு பகுதி வில்லைக்கும் அவற்றை மூடிய குழாயான சிர்கோனியம்-நையோபியம் உலோகக்கலவை உறைக்கும் இடைப்பட்ட வெளியில் சேர்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்த உறையில், உலையைக் குளிர்விக்கும் நீரோடு அடித்துவரப்பட்ட உலோகத் துணுக்கு உரசி ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் வாயுக்கள் கசியத் தொடங்கும். அதே துளை வழியாக நீர் உள்ளே புகுந்து ஆவியாகி, அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜனை உறை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைவதால், முதல் துளைக்கு வெகு தள்ளி அதைவிடப் பெரிய விரிசல் விடவும் கூடும். கோல் தொடர்ந்து உலைக்குள் இருக்கும்போது நான் அஞ்சுவது இந்த இரண்டாம் சேதத்தைத்தான்.

உலையைத் திறக்காமலே, குளிர்விப்பு நீரிலுள்ள அயோடினை அளந்து இக்கசிவைக் கண்டறிய வழி உண்டு என்பது தங்களுக்குத் தெரிந்ததே. அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் (பாதியளவு சிதைய ஆகும் காலம்) 8 நாள். அயோடின்-133-க்கு ஏறத்தாழ 21 மணி நேரம். துளை சிறிதாயின், மெல்லக் கசிவதற்குள் பின்னது பெரும்பாலும் சிதைந்துபோக, குளிர்விப்பு நீரில் முன்னதே மேலோங்கும். துளை பெரிதானால் 133-இன் பங்கு கூடும். உலையை நிறுத்தும்போது அயோடின் அளவு திடீரென உயர்வதும் உண்டு. இதை முன்கூட்டியே விளக்காவிட்டால், அந்த எண்ணைப் பார்ப்பவர் விபத்து என்றே எண்ணிவிடுவார்.

உறையில் துளை விழுந்ததாலேயே கதிரியக்கம் ஊருக்குள் வந்துவிடாது. குளிர்விப்பு நீர் ஓடும் மூடிய முதன்மைச் சுற்றும் அதைச் சூழ்ந்த கான்கிரீட் கவசமும் அடுத்தடுத்த தடைகளாக நிற்கின்றன. இதை வெறும் உறுதிமொழியாகக் கேட்பதைவிட எண்களாகப் பார்த்தால்தான் மக்கள் நம்புவார்கள்.

ஆகவே, இயங்கும் ஒவ்வோர் அலகிலும் குளிர்விப்பு நீரிலுள்ள இரு அயோடின்களின் அளவையும், அனுமதிக்கப்பட்ட வரம்பையும், எரிபொருள் மாற்றும்போது 163 எரிபொருள் தொகுப்புகளில் (கோல்களின் கட்டுகளில்) எத்தனை கசிந்திருந்தன என்பதையும் எளிய தமிழ் விளக்கத்துடன் முறையாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்கும் ஒரு படி அனுப்பிவைத்தால், எங்கள் பிள்ளைகள் அந்த விகிதங்களைத் தாங்களே கணக்கிட்டுப் பார்ப்பார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
இயற்பியல் ஆசிரியர், மதுரை